ஓட்டுக்கதவு

எங்கள் ஊரில் கடை கட்டுகிறவர்கள் முதலில் கதவைத்தான் எண்ணுவார்கள். கூரை, தரை, கழிப்பறை எல்லாம் அப்புறம். பழைய அரசியல் சட்டம் அப்படி. நகரசபைத் தேர்தலில் ஆளுக்கு ஓட்டு இல்லை, சொத்துக்குத்தான் ஓட்டு. சொத்து என்றால் தெருவைப் பார்த்துத் திறக்கிற ஒரு கதவும், அதன் பின்னால் கொஞ்சம் இடமும். அது யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு ஓட்டு. ஒருவர் பெயரில் எத்தனை கதவு இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான் என்று கடைசியில் ஒரு வரி வேறு. அந்த வரியை எழுதிய புண்ணியவான் வாழ்நாளில் ஒரு வியாபாரியைப் பார்த்திருக்க மாட்டான்.

தெருவில் இருந்தவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். ஒரு கடை முகப்பு நாலாகப் பிளந்தது. ஒரு கதவு தம்பி பெயரில், ஒன்று மனைவி பெயரில், ஒன்று மாமியார் பெயரில். மருந்துக்கடையின் கடைசிக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு ஆள் நிற்கலாம், மூச்சு விடுவதற்கு வெளியே வரவேண்டும். இவற்றுக்கு ஓட்டுக்கதவு என்று பெயர். பெயர் கொடுத்தவர்கள் தேர்தலன்று போய், கதவைக் கொடுத்தவர் சொன்ன இடத்தில், அவர் கண் முன்னாலேயே முத்திரை குத்திவிட்டு வருவார்கள். நான் உட்பட.

என் கதவு வந்த கதை சின்னதுதான். கணவர் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு நான் திரும்பி வந்த வருஷம் தேர்தல் வருஷம். அண்ணன் என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழவில்லை. நேரே பத்திர ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவனுடைய ஜவுளிக்கடையின் இடது ஓரத்தில் ஒரு குறுகிய ஷட்டர், அதற்குப் பின்னால் பத்தடி இடம். உள்ளே ஏணியும், கை உடைந்த துணிப்பொம்மை ஒன்றும் கிடந்தன. "பேருக்கு உன் பேரு, அவ்வளவுதான்," என்றான். நானும் சரி என்றேன். ஏணியும் பொம்மையும் நானும் ஒரே சரக்குதான் அன்றைக்கு.

ஆனால் சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க, துணிக்கடையில் பிறந்தவளுக்கு முடியுமா? ஒரு பெட்டி பட்டனோடு ஆரம்பித்தேன். அண்ணனிடம் துணி எடுத்தவர்கள் பட்டனுக்கும் லைனிங்குக்கும் ஜிப்புக்கும் நாலு தெரு தள்ளிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை என் ஷட்டர் நிறுத்தியது. தையல்காரர்கள் வந்தார்கள். பிறகு, சட்டையில் ஒரே ஒரு பட்டன் தொலைந்தவர்கள் வந்தார்கள். அவர்கள்தான் என் செல்லங்கள். ஒன்று தேடி வந்தவரிடம் ஒன்றும் பொருந்தவில்லை என்று காட்டி, முழு செட்டையும் மாற்ற வைத்து, அவரையே "நல்லவேளை" என்று சொல்லவும் வைத்துவிடுவேன். தெருவில் என் பெயரே பட்டன் ஆகிவிட்டது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கிற பட்டன் ஒன்று தைக்கப்பட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் எந்த இழுப்பறை என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மக்களிடம் இரண்டு கேள்வி. முதல் கேள்வி, வயது வந்த எல்லோருக்கும், கதவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நகரசபையில் ரகசிய ஓட்டுக் கொடுக்கலாமா? இரண்டாவது, ஓட்டுக்கதவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே அது முழுச் சொத்து, "பெயரை மட்டும்தான் கொடுத்தேன்" என்று இனி யாரும் திரும்பக் கேட்க முடியாது, சரியா?

தெருவே கொதித்துப் போனது. செருப்புக்கடைக்காரர் நடுத்தெருவில் நின்று கத்தினார்: "ஓட்டும் போச்சு, கதவும் போச்சா? எங்க மாமியாருக்கு நான் செருப்புதான் குடுப்பேன், கடையைக் குடுக்க மாட்டேன்!"

அந்த மாமியார் உள்ளேயிருந்து, "அந்தச் செருப்பும் கடிக்குது மாப்பிள்ளை," என்றார்.

எல்லோரும் எதிர்த்தபோது என் அண்ணன் மட்டும் ஆதரித்தான். ஆதரித்தது மட்டுமல்ல, திருத்த ஆதரவுக் குழுவுக்குத் தலைவனும் ஆனான். எனக்கே நம்ப முடியவில்லை.

"என்னண்ணா, வெயில்ல நின்னுட்டியா?" என்று கேட்டேன்.

"காலம் மாறிடுச்சு. எல்லாரும் மாறினப்புறம் மாறுறவனுக்கு வரிசையிலதான் எடம். முதல்ல மாறுறவனுக்கு மேடை." பிறகு என் இழுப்பறைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இந்தக் கடையை நீதானே உண்டாக்கினே? உனக்கே இருக்கட்டும்."

அந்த வார்த்தையை நான் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் பேரம் பேசாமல் வாங்கியது அது ஒன்றுதான்.

அண்ணனுக்கு ஒரு வக்கீல் நண்பர். ஊரில் அவருக்கு 'ஆனா' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் முதலில் ஒரு பதில் சொல்லி, மூச்சு வாங்கி, "ஆனா" என்று ஆரம்பித்து அந்தப் பதிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார். மணி என்ன என்று கேட்டால்கூட ஒரு 'ஆனா' வரும். ஒருநாள் அவரை நிறுத்திக் கேட்டேன்.

"ரெண்டாவது கேள்வி ஜெயிச்சா, இந்தப் பத்தடி என்னுதுதானே சார்?"

"உங்களுதுதாம்மா," என்றார். நான் காத்திருந்தேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். என்ன ஒரு தெளிவான சட்டம், இவரே 'ஆனா' சொல்லவில்லையே என்று எனக்குச் சந்தோஷம்.

நான் இறங்கி வேலை செய்தேன். பட்டன் வாங்க வந்த பெண்களிடமெல்லாம் பேசினேன். அவர்களில் பாதிப்பேர் பெயரில் ஏதோ ஒரு கதவு இருந்தது. பாதிப்பேர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. "உங்க கதவு உங்களுக்கே வரப்போகுதுக்கா" என்று சொன்னால் சிரிப்பார்கள். பிறகு மெதுவாக, "சாவி எங்கே இருக்குன்னே தெரியலையே," என்பார்கள். மேடையில் அண்ணன் என்னைப் பக்கத்தில் நிறுத்தி, "என் தங்கச்சிதான் எனக்குச் சாட்சி!" என்று முழங்குவான். மைக் முன்னால் நின்று நானும் தலையை ஆட்டுவேன்.

ஓட்டெடுப்புக்குக் கொஞ்சநாள் முன்பு அண்ணனின் மாடிக் கிடங்கில் வியாபாரிகள் கூட்டம் நடந்தது. வக்கீலும் இருந்தார். நான்தான் என் செலவில் டீ அனுப்பினேன். ஏறும்போது உர்ரென்று ஏறியவர்கள், இறங்கும்போது கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர்கள் மாதிரி இறங்கினார்கள். செருப்புக்கடைக்காரர் என் ஷட்டர் முன்னால் நின்று, "என்னம்மா, வியாபாரமெல்லாம் எப்படி?" என்று விசாரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. அண்ணனின் பேச்சுக்கு இவ்வளவு சக்தியா என்று வியந்தேன்.

இரண்டு கேள்வியும் ஜெயித்தன. எங்கள் தெருவில் எதிர்த்து விழுந்த ஓட்டு கைவிரலுக்கு மிஞ்சாது.

வெற்றி விழாவுக்கு அண்ணன்தான் யோசனை சொன்னான். ஓட்டுக்கதவு என்கிற அவமானத்தை ஊரறிய ஒழிக்க வேண்டும். ஒரு கதவைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும், மேளதாளத்தோடு, போட்டோவோடு. எந்தக் கதவை?

"உன்னுதுதான்," என்றான். "முதல் கதவு உன்னுதா இருந்தாத்தான் மரியாதை."

"நான் எந்த வழியா யாவாரம் பண்றது?"

"என் கடை வழியா வரட்டும், ஒரு மாசம். எப்படியும் அந்தத் துருப்பிடிச்ச ஷட்டரைத் தூக்கணும். விழா முடிஞ்சதும் செங்கல்லை எடுத்துட்டு, நல்ல கண்ணாடிக் கதவு போட்டுத் தர்றேன். உன் பேரையே அதுல எழுதிக்கோ."

அடுத்தநாளே கண்ணாடிக்காரர் வந்தார். டேப்பை இழுத்து அகலம் பார்த்தார், உயரம் பார்த்தார், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். கைப்பிடி பித்தளையா எவர்சில்வரா என்று கேட்டார். பித்தளை என்றேன். இடுப்பு உயரத்தில் வைக்கச் சொன்னேன், குழந்தையோடு வருகிறவர்களுக்குத் தள்ள வசதியாக. பிறகு வெகுநேரம் அந்தக் கண்ணாடியில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 'பட்டன்' என்று மட்டும் எழுதினால் போதும் என்று தோன்றியது.

விழாவன்று தெரு நிறைந்திருந்தது. கொத்தனார் கலவையைக் குழைத்துக் கொடுத்தார். முதல் செங்கல்லை நான்தான் வைத்தேன். கரண்டியைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தேன். மறுநாள் பேப்பரில் அந்தச் சிரிப்பு வந்தது. வியாபாரிகள் கைதட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல்! செருப்புக்கடைக்காரர் விசிலே அடித்தார். மாலைக்குள் என் கதவு இருந்த இடம் சுவராகிவிட்டது.

அந்த வாரத்தில் ஊரில் கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. தெருவில் ஒவ்வொரு கடையாக ஓட்டுக்கதவை அடைத்துக்கொண்டே வந்தார்கள். "உங்க அண்ணன் வழிதாம்மா எங்க வழி!" என்றார் மருந்துக்கடைக்காரர். சமத்துவத்தில் இவ்வளவு அவசரமா என்று நான் அப்போதும் யோசிக்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் எனக்கே என்னைப் பார்த்து ஒரு முழு செட் பட்டன் விற்கத் தோன்றுகிறது.

புதுச் சட்டம் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்தது. முதல் தேதி போனது, கண்ணாடி வரவில்லை. இரண்டாவது வாரம் நானே கண்ணாடிக்காரர் பட்டறைக்குப் போனேன்.

"எப்பங்க வரும் என் கதவு?"

அவர் வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "எந்தக் கதவு?"

"அளவெடுத்துட்டுப் போனீங்களே. பித்தளைக் கைப்பிடி."

"ஓ, அதுவா. அளவெடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். அதுக்குக் கூலியும் குடுத்துட்டாங்க. கண்ணாடி வெட்டச் சொல்லலையேம்மா."

பட்டறையில் எங்கே பார்த்தாலும் கண்ணாடி. எல்லாவற்றிலும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற ஒரு பட்டன்காரி தெரிந்தாள்.

அங்கிருந்து வக்கீலிடம் போனேன். என்னைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்தப் பத்தடி என்னுதுதான்னு சொன்னீங்களே சார்?"

"சொன்னேம்மா. ஆனா..."

"வந்துடுச்சா! இத்தனை நாளா எங்கே சார் வச்சிருந்தீங்க அதை?"

அவருக்கு முகம் சிவந்தது. துடைத்துக்கொண்டே சொன்னார். சட்டம் அமலுக்கு வருகிற தேதியில் தெருவைப் பார்த்துத் திறக்கிற கதவு இருக்க வேண்டும். கதவு இருந்தால்தான் அதன் பின்னால் இருக்கிற இடம் தனிச் சொத்து. கதவு இல்லாவிட்டால் அது பெரிய கட்டடத்தின் ஒரு மூலை. கட்டடம் யாருடையதோ அவருடையது. பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் சரி.

"கேஸ் போட்டா?"

"போடலாம். ஆனா முதல் கல்லை வச்சது நீங்க. பேப்பர்ல போட்டோ இருக்கு. வலுக்கட்டாயமா அடைச்சதா யாராலயும் சொல்ல முடியாது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அதுவும் நல்லாச் சிரிச்சிருக்கீங்க," என்றார்.

அண்ணன் கடையில் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தான். நான் நின்ற விதத்தைப் பார்த்ததும் வேலையாட்களைச் சாப்பிடப் போகச் சொன்னான். மறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, அவன் மறைக்கவே இல்லை.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? உன்னை யாரு போகச் சொன்னா? அதே எடம், அதே பெட்டி. வாடகைகூட வேணாம்."

"அப்ப எதுக்கு அடைச்சே?"

"உன் பேருல இருந்தா, நாளைக்கு எவனாவது நல்ல விலை சொன்னா வித்துடுவே. இல்லேன்னா உன் புருஷன் வந்து பங்கு கேட்டு நிப்பான். அப்பா கட்டின கடை ரெண்டாப் பிளக்கணுமா? தெருவுல எல்லாருக்கும் இதே பயம்தான். நான் ஒரு வழி காட்டினேன்."

"அன்னிக்கு மாடியில வச்சுக் காட்டின வழியா? நான் டீ அனுப்பினேனே, அன்னிக்கா?"

அவன் துணியை மடிக்க ஆரம்பித்தான். "ஓட்டு வாங்கிக் குடுத்தேன்ல? இனிமே நீ யாரைக் கேட்டும் ஓட்டுப் போட வேணாம். அது பெருசில்லையா?"

"பெருசுதான்," என்றேன். "அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. கல்லை வைன்னு சொல்லியிருந்தாலே நான் வச்சிருப்பேன். எதுக்கு அளவெடுக்க ஆள் அனுப்பினே?"

அவன் உண்மையாகவே யோசித்தான். பிறகு, சரக்கின் தரத்தைப் பற்றிக் கேட்ட வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிற மாதிரி, பொறுமையாகச் சொன்னான்:

"நீ யாவாரி வீட்டுப் பொண்ணு. வெறும் வார்த்தையை எப்படி நம்புவே?"

அன்று மாலை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அண்ணன் கடை வழியாகவே வெளியே தூக்கிக்கொண்டு வந்து, அடைத்த சுவருக்கு முன்னால், நடைபாதையில் அடுக்கினேன். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் என் கடை. நடுவில் நான் வைத்த செங்கல்.

தையல்காரர்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். "என்னக்கா, காத்தாட வந்துட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, உள்ளே கதவு சாத்திட்டாங்க, வெக்கையா இருந்துச்சு," என்றேன். மழை வந்தால் பிளாஸ்டிக் விரிப்பு. வெயிலில் மலிவான பட்டன்கள் நிறம் மங்கின. அதையே 'பழைய மாடல்' என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றேன். வியாபாரம் நின்றுவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை ஒரு வாடிக்கையாளர் என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துவிட்டுப் பிறகு என் முகத்தைப் பார்க்கும்போதும், அந்தப் போட்டோவில் இருந்த பல் எல்லாம் கூசும்.

ஒரு மத்தியானம் அண்ணி வந்தாள். அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரம். ஒரு முக்காலியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டாள்.

"பெட்டி மேல உக்காந்தா இடுப்பு போயிடும். இதுல உக்காரு."

உட்கார்ந்தேன். அவள் நின்றுகொண்டே சுவரைப் பார்த்தாள்.

"எனக்கும் ஒண்ணு இருந்துச்சு தெரியுமா? கடை மாடிப்படிக் கதவு. என் பேருல. அதையும் அடைச்சாச்சு." செங்கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இருந்தவரைக்கும் ஒருநாள்கூடத் திறந்ததில்லை. இப்பதான் ராத்திரி பகலா திறக்கணும் திறக்கணும்னு இருக்கு."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா அண்ணி?"

"சொன்னேன். படி வழியா எங்கே போகப் போறேன்னு கேட்டார்." முந்தானையால் என் விரிப்பைத் துடைத்தாள். "எனக்கு ரெண்டு வெள்ளைப் பட்டன் குடு. உங்க அண்ணன் மேடைச் சட்டைக்கு."

புதுச் சட்டப்படி நடக்கும் முதல் நகரசபைத் தேர்தல் அறிவித்தார்கள். அண்ணன் நின்றான். கதவை ஒழித்தவன் என்று பேர் எடுத்தாகிவிட்டதே. ஒரு காலையில், வெள்ளைச் சட்டையோடு, வீடுவீடாகக் கும்பிட்டுக்கொண்டே வந்தவன் என் முன்னால் நின்றான். கூட வந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். சட்டையில் என் பட்டன்கள் பளபளத்தன.

"வாங்க, என்ன வேணும்?" என்றேன்.

"விளையாடாதே. உன் ஓட்டு எனக்குத்தானே?"

"சரக்கு இருக்கு. விலை பேசலாமா?"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன இருந்தாலும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். "சொல்லு."

"இந்தச் சுவரை எடு. கதவு வை. என் பேருக்குத் திருப்பி எழுதிக் குடு. ஓட்டு உனக்கு."

"ஒரு ஓட்டுக்கு ஒரு கதவா? கட்டுபடியாகாதும்மா."

"இத்தனை வருஷம் அந்த ரேட்டுலதானே வாங்கினே?"

சிரிப்பு நின்றது. குரலைத் தணித்தான். "உனக்கு ஒண்ணு திறந்தா, தெருவே கேக்கும். செருப்புக்கடை மாமியார் கேப்பாங்க. உங்க அண்ணி கேப்பா. அப்புறம் எனக்கு ஓட்டுப் போட ஒரு வியாபாரி இருக்க மாட்டான். புரிஞ்சுக்கோ. ஜெயிச்சதும் உனக்கு ஏதாவது பண்றேன். ஒரு நல்ல பெட்டிக்கடை, கண்ணாடி போட்டு..."

"அளவெடுக்க ஆள் அனுப்புவியா?"

ஜவுளிக்கடையில் வளர்ந்தவர்கள் முகத்தைப் பார்த்து ஏமாற மாட்டோம், காலைப் பார்ப்போம். வாங்குகிறவன் கால் சரக்கைப் பார்த்து நிற்கும். அண்ணன் என் தோளைத் தொட்டு, "நீ எனக்குப் போடாம யாருக்குப் போடுவே?" என்று அன்பாகச் சொன்னபோது, அவன் கால் இரண்டும் ஏற்கெனவே மருந்துக்கடைப் பக்கம் திரும்பியிருந்தன. கேட்டது பதிலுக்காக அல்ல. பழைய கணக்கில் நான் அவனுடைய ஓட்டு. கதவு போனாலும் கணக்கு போகவில்லை.

அவன் போனதும் செருப்புக்கடை மாமியார் ஊக்கு வாங்க வந்தார். ஒரு டஜன் எண்ணிக் கொடுத்தேன். காசைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இந்தத் தடவை நான் யாருக்குக் குத்தறேன்னு மாப்பிள்ளைக்குத் தெரியவராதாமே, நெசமா?"

"நெசம்தான்மா."

"சரி," என்றார். இன்னும் ஒரு டஜன் ஊக்கு வாங்கிக்கொண்டு போனார்.

மாலையில் போஸ்டர் ஒட்டுகிறவர் பசைவாளியோடு வந்தார். அண்ணனுக்குக் கிடைத்த சின்னம் திறந்த கதவு. கேட்டு வாங்கியதாம். ஆள் உயரப் போஸ்டர். அகலத் திறந்த ஒரு கதவு, உள்ளேயிருந்து வெளிச்சம், அடியில் அண்ணனின் சிரிப்பு. தெருவில் நல்ல வெறும் சுவராகக் கண்ணில் பட்டது என் சுவர்தான்.

"அக்கா, கொஞ்சம் நகர்றீங்களா? உங்க பின்னாடி ஒட்டணும். வேணாம்னா வேற எடம் பாக்கறேன்."

முக்காலியை நகர்த்திப் போட்டேன். அவர் பசையைத் தடவிப் போஸ்டரைத் தூக்கிப் பிடித்தார். அகலம் அளவெடுத்த மாதிரி சரியாக இருந்தது. உயரம்தான் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது.

"கீழே எறக்குங்க," என்றேன். "இன்னும் கொஞ்சம். கைப்பிடி இடுப்பு உயரத்துல வரணும்."